முதியோர் இல்லத்தின் தரத்தை எந்த நாளில் அளப்பது?



தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக மூன்று வாரங்களுக்கு நம் நாட்டு முதியோர் இல்லங்கள் பலவற்றில் அடுப்பு மூட்டவேண்டிய தேவையே இருப்பதில்லை. காலையில் ஓர் ஆலய நிருவாகத்தினர் பசியாறல் கொண்டுவருகின்றனர். நண்பகலில் ஓர் இளைஞர் மன்றம் பிரியாணி பரிமாறுகிறது. மாலையில் ஒரு பள்ளியின் மாணவர்கள் பேருந்தில் வந்து இறங்குகின்றனர். ஒரே நாளில் மூன்று முறை கேக் வெட்டப்படுகிறது. நீரிழிவு நோயுள்ள பாட்டியின் வாயிலும் ஒரு துண்டு ஊட்டப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது. பிரமுகர் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் தாமதமானால், அதுவரைக்கும் சக்கர நாற்காலிகள் வரிசை கலையாமல் நிறுத்தப்பட்டிருக்கின்றன. கழிவறைக்குப் போகவேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒரு தாத்தா நெளிந்துகொண்டிருப்பதை மேடையில் இருப்போர் காண்பதில்லை.

அதே இல்லத்தில், பண்டிகை எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் என்ன நடக்கிறது? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் சொல்லவருவது இதுதான். ஒரு முதியோர் இல்லத்தின் தரம் அதன் சாதாரண நாளில்தான் இருக்கிறது. அந்தச் சாதாரண நாளை எவரும் பார்க்காதபடி மறைக்கும் திரையாக நம்முடைய பண்டிகைக்கால வருகைகள் மாறிவிட்டன. தமிழ்ப்பள்ளிகளும் 'சமூகத் தொண்டு' என்னும் பெயரில் அந்தத் திரையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இது கசப்பான கருத்தாக இருக்கலாம். ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

விளையாட்டுப் போட்டி நாளன்று வந்து பார்த்துவிட்டு ஒரு பள்ளியின் கற்றல் கற்பித்தல் தரத்தை எவரேனும் மதிப்பிடுவாரா? கொடியும் தோரணமும் அன்று இருக்கும், வகுப்பறை இருக்காது. ஆசிரியர்களாகிய நமக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால், நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் வாழும் இடத்தை மட்டும் தோரண நாளில் பார்த்துவிட்டு, "நல்ல இல்லம், சுத்தமாக இருக்கிறது" என்று சான்று கொடுத்துவிடுகிறோம்.

யாருடைய கவலை இது?

2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மலேசிய மக்களுள் 65 வயதைக் கடந்தவர்கள் 5 விழுக்காட்டினர். 2020ஆம் ஆண்டில் அது ஏறக்குறைய 7 விழுக்காடாக உயர்ந்தது. நாடு மூப்படைகிறது. நம் சமுதாயத்தில் இந்த மூப்புக்குத் தனியொரு முகம் உண்டு. இன்று எழுபது, எண்பது வயதில் இருப்போர் கித்தாத் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு வளர்த்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் செம்பனைக்கு மாறியபோதும் வேலையோடு வீட்டையும் சேர்த்து இழந்தவர்கள் அவர்களுள் பலர். பிள்ளைகள் நகரங்களுக்குப் பெயர்ந்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் அந்த வீட்டில், படுக்கையில் கிடக்கும் ஒருவரைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

இந்நிலையில், "தமிழன் பெற்றோரை இல்லத்தில் விடலாமா? நம் பண்பாடு என்னாவது?" என்று மேடைதோறும் முழங்குகின்றனர். இந்த முழக்கத்தால் ஒரு முதியவரும் வீடு திரும்பியதாக நான் அறியேன். ஆனால், அதனால் விளைந்த தீங்கை நேரில் அறிவேன். வெட்கப்பட்ட பிள்ளைகள் ஊருக்குத் தெரியாமல் அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றனர். "அம்மா அக்காள் வீட்டில் இருக்கிறார்" என்று உறவினரிடம் சொல்கின்றனர். மறைத்துச் செய்யும் காரியத்தில் நாலு இடம் பார்த்து விசாரிக்க இயலுமா? அங்கே ஒரு குறை கண்டால் வாய்விட்டுக் கேட்க இயலுமா? கேட்டால், "அவ்வளவு அக்கறை இருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே!" என்னும் ஒரே சொல்லில் வாயடைக்கப்படுகிறது. குற்றவுணர்வு கொண்ட பிள்ளை, குறை காணாத வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். தரங்கெட்ட இல்லத்திற்கு இதைவிட வசதியான பாதுகாப்பு வேறில்லை.

ஆகவே, விடலாமா கூடாதா என்னும் பட்டிமன்றத்தை முதலில் நிறுத்துவோம். விட்டாயிற்று. அங்கே அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே கேள்வி.

சட்டம் எதுவரை காக்கும்?

1993ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டம் (சட்டம் 506), நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் சமூகநல இலாகாவில் பதிவு பெறவேண்டும் என்கிறது. கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இது பொருந்தும். மருத்துவத் தாதிமை வழங்கும் தனியார் இல்லங்களோ 1998ஆம் ஆண்டின் 586ஆம் சட்டத்தின்கீழ்ச் சுகாதார அமைச்சின் பார்வையில் வருகின்றன. இரண்டும் ஒன்றல்ல. குழாய்வழி உணவும் புண்ணுக்கு மருந்துக்கட்டும் தேவைப்படும் ஒருவரை, உணவும் உறைவிடமும் தருவதற்கு மட்டுமே ஏற்பாடுள்ள இடத்தில் சேர்த்துவிட்டுப் பின்னர் வருந்திப் பயனில்லை. முதியோர் பராமரிப்புக்கென்றே 2018ஆம் ஆண்டின் 802ஆம் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் அது நடைமுறைக்கு வராமலே கிடந்தது.

அரசு நடத்தும் 'செரி கெனாங்கான்' இல்லங்கள் தைப்பிங், சிரம்பான், செராஸ் முதலிய இடங்களில் உள்ளன. அவை வாரிசற்ற, தம் தேவைகளைத் தாமே பார்த்துக்கொள்ள இயன்ற, 60 வயதுக்கு மேற்பட்ட வறியவர்களுக்கு உரியவை. தீராத நோயால் படுக்கையில் விழுந்த ஆதரவற்றோருக்குக் கோலகுபு பாருவிலும் டுங்குனிலும் 'ஏசான்' இல்லங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் உள்ள நடுத்தரக் குடும்பத்துக்குத் தனியார் இல்லமும் அறநிலைய இல்லமுமே கதி.

பதிவு என்பது அடித்தளம். அதுவே தரம் ஆகாது. தீயணைப்புத் துறையும் நகராண்மைக் கழகமும் கட்டடத்தைப் பார்த்து இசைவு தரும். உள்ளே இருப்பவரின் மாலை நேரம் எப்படிக் கழிகிறது என்பதை அந்தத் தாள் சொல்லாது. இங்கிலாந்தில் ஒவ்வோர் இல்லத்தையும் ஆய்வாளர்கள் பார்த்து, நான்கு படிநிலைகளுள் ஒன்றை வழங்கி, அறிக்கையை எவரும் படிக்கும்படி வெளியிடுகின்றனர். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு முதல் தாதிமை இல்லங்களுக்கு ஐந்து விண்மீன் தரவரிசை உண்டு. ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பின் அவலங்களை ஆராய அரச ஆணையமே அமைக்கப்பட்டு, 2021இல் அதன் இறுதி அறிக்கை வெளிவந்தது. அந்நாடுகளில் குறையே இல்லை என்பதன்று என் வாதம். அங்கே குறை எழுத்தில் வருகிறது. மகளோ மகனோ அதைப் படித்துவிட்டு முடிவெடுக்கலாம். இங்கே ஒரு குடும்பம் அவ்வாறு எடுத்துப் படிக்கத்தக்க ஆய்வறிக்கையை நான் கண்டதில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் கேக் வெட்டும் படங்களே!

எதை அளக்கவேண்டும்?

பளிங்குத் தரையையும் குளிர்சாதனத்தையும் ஒதுக்கிவையுங்கள். கீழ்க்காணும் ஐந்தையும் கேளுங்கள், பாருங்கள்.

1. ஆள்பலம்: "எத்தனை ஊழியர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். இரவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஓர் இல்லத்தில் முப்பது முதியவர். பகலில் மூன்று ஊழியர், இரவில் ஒருவர். ஒவ்வொருவருக்கும் 12 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். மொத்த நேரத்தை வகுத்தால் ஒரு முதியவருக்கு ஒரு நாளில் கிடைப்பது 96 நிமிடம். குளிப்பாட்டல், ஊட்டல், உடைமாற்றல், சமையல், துணி துவைத்தல் அத்தனையும் அதற்குள் அடங்கவேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் முதல் சராசரி இலக்கு 215 நிமிடம். அதிலும் 44 நிமிடம் பதிவுபெற்ற தாதியின் நேரமாக இருத்தல் வேண்டும். அந்த அளவை உடனே நாம் எட்ட இயலாது. ஆனால், 96 நிமிடத்தில் எந்தத் தெய்வப் பிறவியாலும் பொறுமையாக ஊட்டிவிட முடியாது என்பதை உணரலாமல்லவா? ஊழியரைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

2. உடல்: மாதந்தோறும் எடை பார்க்கிறார்களா? குறித்துவைக்கிறார்களா? தாமாக முயலாமல் ஒரே மாதத்தில் 5 விழுக்காடு, ஆறு மாதத்தில் 10 விழுக்காடு எடை குறைந்தால் அது மருத்துவர் கவனிக்கவேண்டிய அறிகுறி. 50 கிலோ அம்மா ஒரு மாதத்தில் 47.5 கிலோ ஆவதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. எழுந்து நடக்க இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கும் வழக்கம் உண்டா? முதுகின் அடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா? கூச்சப்படாமல் போர்வையை விலக்கிப் பாருங்கள். அவர் உங்கள் தாய்.

3. அமைதி: பிற்பகலில் இல்லமே நிசப்தமாக இருந்தால் மகிழாதீர்கள். ஏன் அத்தனை பேரும் உறங்குகிறார்கள் என்று கேளுங்கள். மறதி நோயுள்ள முதியவர்களுக்குச் சில மனநோய் மருந்துகளைக் கொடுப்பது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. என்ன மாத்திரை, எந்த மருத்துவர் எழுதியது, எதற்காக என்பதைக் கேட்டறியும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. அவ்வாறே, விழாமல் இருப்பதற்கென்று துணியால் நாற்காலியோடு கட்டிவைப்பதும் பாதுகாப்பு ஆகாது. கட்டப்பட்ட உடலில் தசை நலிகிறது, புண் வருகிறது, அவிழ்த்துக்கொள்ள முயன்றே விழுகிறார்கள்.

4. விருப்பம்: 1976ஆம் ஆண்டில் எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலறிஞர் இருவர், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். ஒரு மாடியில் இருந்தோரிடம், "உங்கள் அறை, உங்கள் நேரம், உங்கள் முடிவு" என்று சொல்லி, தாமே நீரூற்றி வளர்க்க ஆளுக்கொரு செடியும் கொடுத்தனர். மற்றொரு மாடியில் இருந்தோரிடம், எல்லாவற்றையும் ஊழியர் பார்த்துக்கொள்வர் என்றனர். செடிக்குத் தாதியரே நீரூற்றினர். மூன்றே வாரங்களில் முதல் மாடியினர் மிகுந்த விழிப்போடும் சுறுசுறுப்போடும் இருந்தனர். ஆகவே கேளுங்கள்: காலையில் எத்தனை மணிக்கு எழுவது என்பதை உங்கள் தந்தை முடிவு செய்கிறாரா? தேநீரா காப்பியா என்பதையாவது? பால்மரக் காட்டில் இருளோடு இருளாக நடந்து பழகிய மனிதரைக் காலை எட்டு மணிவரை படுக்கையில் கிடத்திவைப்பது பராமரிப்பா, தண்டனையா?

5. மொழி: இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில், இது தமிழாசிரியர்களாகிய நம்மைச் சார்ந்தது.

வலியைச் சொல்ல ஒரு மொழி வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன், வேலைநாள் ஒன்றில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். நல்ல பெயர் பெற்ற இடம். மூலையில் இருந்த ஒரு பாட்டியைக் காட்டி, "இவர் தொல்லையே தரமாட்டார், பேசவே மாட்டார்" என்றார் பொறுப்பாளர். நான் அருகில் அமர்ந்து, "எந்தத் தோட்டம் பாட்டி?" என்றேன். அவ்வளவுதான்! தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், தாம் வெட்டிய நிரை, மாரியம்மன் கோவில் தீமிதி என்று கால்மணி நேரம் ஓயாமல் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குதிகால் எரியுது வாத்தியாரே. நானும் சாக்கிட் சாக்கிட்னு சொல்றேன். மாத்திரை கொடுத்துட்டுப் போயிடுறாங்க" என்றார். காலுறையைக் கழற்றிப் பார்த்தபோது குதிகாலில் புண் கருத்து அகன்றிருந்தது.

அந்த ஊழியப் பெண் கெட்டவர் அல்லர். கடல் கடந்து வந்து, குறைந்த சம்பளத்தில், இருபது பேருக்குத் தனி ஆளாக உழைத்தவர். 'சாக்கிட்' என்று கேட்டால் வலி மாத்திரை தரவேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது, தந்தார். எங்கே வலி, எப்படிப்பட்ட வலி, எரிச்சலா குத்தலா, எத்தனை நாளாக என்று சொல்லப் பாட்டிக்கு மலாய்மொழி போதவில்லை. கேட்க அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியவில்லை. 'பேசவே மாட்டார்' என்று பெயரெடுத்த பாட்டி பேசத் தெரியாதவரும் அல்லர். பேச விரும்பாதவரும் அல்லர்.

மறதி நோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, இளமையில் பேசிய மொழியே எஞ்சி நிற்பதைப் பலரிடம் காண்கிறோம். அந்த எஞ்சிய மொழியைப் புரிந்துகொள்ள இல்லத்தில் ஒருவர்கூட இல்லையென்றால், அவரது வலிக்கும் பசிக்கும் அச்சத்துக்கும் ஊமைப்பட்டமே கிடைக்கும். தமிழின் தேவை தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதில்லை. ஆகவே, ஒவ்வொரு வேளைப்பணியிலும் தமிழ் அறிந்த ஒருவரேனும் உண்டா என்பதைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ளுங்கள். இல்லையெனில், 'வலி', 'தண்ணீர்', 'கழிவறை', 'குளிர்', 'எரிச்சல்', 'பயம்' என்று இருபது சொற்களைப் படத்தோடு அட்டையில் எழுதி, மலாய் உச்சரிப்பும் சேர்த்துக் கட்டிலருகே தொங்கவிடலாமே! ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஒரு கலைக்கல்விப் பாடவேளையில் செய்துவிடக்கூடிய வேலை இது.

இரண்டு மறுப்புகள்

"இலவசமாக நடத்தும் அறநிலைய இல்லங்களைக் குறை சொல்லலாமா?" என்று சிலர் கேட்பர். தம் சேமிப்பைக் கரைத்து அநாதை முதியோரைத் தாங்கும் நல்லுள்ளங்களை நான் வணங்குகிறேன். ஆனால், இலவசமாகப் பெறுபவருக்குப் புண் வலிக்காதா? நன்கொடையாளரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரே வாரத்தில் வரும் பதினோராவது பிரியாணி அந்த இல்லத்துக்கு எதற்கு? இரவு நேரத்துக்கு இரண்டாவது ஊழியர் ஒருவரின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். காற்று மெத்தை வாங்கிக் கொடுங்கள். பெரியவர்களுக்கான அணையாடை மாதந்தோறும் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்யுங்கள். படம் எடுக்க அவை அழகாக இரா. பயன் மட்டும் இருக்கும்.

"அதிகம் கேட்டால் அம்மாவை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவார்களே!" என்பது பிள்ளைகளின் அச்சம். மெய்யான அச்சமே. ஒருவர் தனியாகக் கேட்டால் அது நடக்கக்கூடும். பத்துக் குடும்பம் சேர்ந்து கேட்டால் நடக்காது. பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருப்பதுபோல் ஒவ்வோர் இல்லத்திலும் குடும்பத்தார் குழு ஒன்று ஏன் இருக்கக்கூடாது? கேள்விகளை வரவேற்கும் பொறுப்பாளரிடம் அது நட்பாகவே நடக்கும். கொடுமையோ புறக்கணிப்போ நடப்பதாகக் கண்டால் சமூகநல இலாகாவையும் 15999 என்னும் 'தாலியான் காசே' எண்ணையும் அழைக்கலாம். முதியோர் நலனுக்கும் அந்த எண் உரியதே.

நம் பள்ளிகள் என்ன செய்யலாம்?

ஆண்டுக்கு ஒருமுறை எண்பது மாணவர் பேருந்தில் போவதை நிறுத்துங்கள். ஆறு மாணவர், ஓர் ஆசிரியர், இரண்டு பெற்றோர், மாதம் ஒருமுறை, அதே முகங்கள், சாதாரண ஒரு நாளில். பதாகை வேண்டாம், கேக் வேண்டாம், முதியவரின் இசைவின்றிப் படமும் வேண்டாம். நாளிதழைப் படித்துக் காட்டட்டும். பல்லாங்குழி ஆடட்டும். தோட்டத்துக் கதைகளைக் கேட்டு எழுதட்டும். கட்டுரைப் பாடத்துக்கு இதனினும் நல்ல கரு எங்கே கிடைக்கும்? மாதந்தோறும் வரும் குழந்தை, "சென்ற மாதம் நடந்த தாத்தா இப்போது ஏன் நடக்கவில்லை?" என்று கேட்கும். இல்லத்தைக் கண்காணிக்க அந்த ஒரு கேள்வியே பெருந்துணை. நல்ல இல்லம் அதை வரவேற்கும். கதவைச் சாத்தும் இல்லமோ தன்னைப்பற்றி நமக்குத் தேவையானதைத் தானே சொல்லிவிடுகிறது.

அடுத்த பள்ளித் தவணைக்கான புறப்பாட நடவடிக்கைத் திட்டம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது, 'முதியோர் இல்ல வருகை' என்னும் வரியில் கைவைத்து நிறுத்துங்கள். எந்த நாளில், எத்தனை பேர், எதற்காக என்று எழுந்து கேளுங்கள். நம் பிள்ளைகள் அங்கே கற்றுக்கொள்ளப்போவது, ஒருவேளை நம்மை அவர்கள் சேர்க்கப்போகும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதாகவும் இருக்கலாம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!